டாப்பர் படத்தில் பேய்கள் எப்படி மறைந்தன, நீங்கள் எடுத்தபோது ஏன் யாரும் சிரிக்கவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது பார்த்தால் ஒரே கேள்விதான். 1937-ல் வந்த 'டாப்பர்' படத்தில் பேய்கள் கண்ணெதிரே கரைந்து மறைவதையும், ஆளே இல்லாமல் கார் டயர் மாறுவதையும் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படி எடுத்தார்கள் என்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இன்னொன்றையும் போட்டிருக்கிறீர்கள்: கல்லூரிக் குறும்படத்துக்காக அதே உத்தியை மொபைலில் எடுத்துப் பார்த்தோம், தந்திரம் சரியாக வந்தது, ஆனால் பார்த்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை என்று. உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரி என்றே எடுத்துக்கொள்கிறேன். முதல் பாதிக்கான பதிலை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டுவிடலாம். இரண்டாவதற்கு ரோலண்ட் யங் என்ற நடிகரின் தோளையும் முழங்காலையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. ஜார்ஜ் கெர்பியும் மேரியன் கெர்பியும் (கேரி கிராண்ட், கான்ஸ்டன்ஸ் பென்னட்) பணக்கார இளம் ஜோடி. விடிய விடியக் குடியும் கூத்துமாக வாழ்கிறவர்கள். ஜார்ஜ் ஒரு வங்கியில் பெரிய பங்குதாரர். அந்த வங்கியின் தலைவர்தான் காஸ்மோ டாப்பர் (ரோலண்ட் யங்). மனைவி கிளாரா (பில்லி பர்க்) போட்டுக் கொடுத்த அட்டவணைப்படி எழுந்து, குளித்து, சாப்பிட்டு, வேலைக்குப் போகிற மனிதர். கெர்பிகள் கண்மண் தெரியாமல் காரை ஓட்டி மோதிச் செத்துப்போகிறார்கள். வாழ்நாளில் ஒரு நல்ல காரியம்கூடச் செய்யவில்லையே, மேலே போவது எப்படி என்று யோசித்து, இந்த டாப்பருக்கு வாழக் கற்றுக்கொடுப்பதையே அந்த நல்ல காரியமாக எடுத்துக்கொள்கிறார்கள். தார்ன் ஸ்மித் 1926-ல் எழுதிய நாவல்தான் மூலம். தயாரிப்பு ஹால் ரோச், இயக்கம் நார்மன் மெக்லியாட், ஒளிப்பதிவு நார்பர்ட் புரோடின், தந்திரக் காட்சிகள் ராய் சீரைட்.

ஹால் ரோச் என்ற பெயரைச் சும்மா தாண்டிப் போய்விடாதீர்கள். லாரல்-ஹார்டி படங்களை எடுத்த ஸ்டுடியோ அது. விழுவது, வழுக்குவது, கதவு மூஞ்சியில் அறைவது ஆகியவற்றைப் பல வருடம் அளந்து அளந்து எடுத்துப் பழகிய இடம். மெக்லியாடும் அதற்கு முன்பே மார்க்ஸ் சகோதரர்கள் என்ற நகைச்சுவைக் குழுவை வைத்து இரண்டு படம் இயக்கியவர். எங்கே கேமராவை அசைக்காமல் வைத்தால் சிரிப்பு வரும் என்பது இவர்களுக்குக் கைவந்த கலை. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பாதி விடை இதிலேயே இருக்கிறது.

முதலில் மறைவதைப் பார்ப்போம். அடிப்படை விதி ஒன்றுதான்: ஒரே சட்டகத்தை இரண்டு தடவை எடுக்க வேண்டும், ஒரு தடவை ஆளோடு, ஒரு தடவை ஆள் இல்லாமல். முதலாவதில் இருந்து இரண்டாவதுக்கு டிசால்வ் போட்டால், அதாவது ஒரு காட்சி மங்க மங்க அதன்மேல் மற்றது தெளியவிட்டால், மாறாத சுவரும் மரமும் அப்படியே நிற்க, மாறிய ஒரே பொருளான ஆள் மட்டும் கரைந்து போவார். நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் 24 ஃப்ரேம் டிசால்வ் என்றால் ஒரு நொடி. நகைச்சுவைக்கு அது போதும். 48-க்கு மேல் போனால் பேய் சோகமாகிவிடும். பாதி மறைந்த நிலையிலேயே, அதாவது கண்ணாடி போலத் தெரியும் நிலையிலேயே, ஆள் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால், அக்காலக் கேமராமேன் கேமராவுக்குள்ளேயே செய்யக்கூடிய வழி இது: ஆளோடு ஒரு தடவை பாதி எக்ஸ்போஷரில் (ஃபிலிமில் பாதி ஒளி மட்டும் படும்படி) எடுப்பார், ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றித் தொடக்க ஃப்ரேமுக்கே கொண்டுவருவார், ஆளில்லாமல் மறுபடியும் பாதி எக்ஸ்போஷரில் எடுப்பார். இரண்டு பாதியும் சேர்ந்து பின்புலத்துக்கு முழு ஒளி கிடைத்துவிடும். ஆள் இருந்த இடத்தில் மட்டும் பாதி ஆள், பாதி சுவர். விபத்துக்குப் பிறகு கெர்பிகள் சாலையோர மரக்கட்டையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் ஊடுருவிப் பார்த்து, ஓ நாம் செத்துவிட்டோம் போலிருக்கிறதே என்று புரிந்துகொள்ளும் காட்சியின் தோற்றம் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

ஆனால் கேமராவுக்குள் செய்வதில் ஓர் ஆபத்து உண்டு. இரண்டாவது தடவையில் விளக்கு ஒன்று அணைந்துபோனால் முதல் தடவையில் நடிகர்கள் செய்த நல்ல நடிப்பும் சேர்ந்தே குப்பைக்குப் போகும். அதனால் முப்பதுகளில், பிரதி எடுப்பதற்கென்றே நல்ல ஃபிலிம் வந்த பிறகு, ஹாலிவுட் இந்த வேலையைப் பெரும்பாலும் ஆப்டிகல் பிரிண்டருக்குத் தள்ளிவிட்டது. ஒரு புரொஜெக்டரும் ஒரு கேமராவும் முகத்துக்கு முகம் நிற்கும் இயந்திரம் அது. தனித்தனியாக எடுத்த இரண்டு துண்டுகளை அதில் ஃப்ரேம் ஃப்ரேமாக ஒன்றின்மேல் ஒன்று பதிப்பார்கள். விலை என்னவென்றால் பிரதியின் பிரதி ஆவதால் பரு (கிரெயின், அதாவது படத்தில் தெரியும் துகள்) கூடும், கறுப்புக்கும் வெள்ளைக்குமான வேறுபாடு முறுக்கேறும். பழைய படங்களில் தந்திரம் வரப்போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க இதுதான் வழி. பேய் மறைவதற்குக் கொஞ்சம் முன்பே படம் சற்றுக் கரடுமுரடாக மாறும், மறைந்து முடிந்து அடுத்த வெட்டில் மறுபடி மிருதுவாகும். டாப்பரின் எந்தெந்த ஷாட் கேமராவுக்குள் நடந்தது, எது லேபில் நடந்தது என்று படத்தைப் பார்த்து மட்டும் அடித்துச் சொல்லக் கூடாது. இந்தப் பரு மாற்றம் ஒரு தடயம், அவ்வளவே.

பேயும் உயிருள்ள ஆளும் ஒரே சட்டகத்தில் இருக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. டிசால்வ் நடக்கும் அந்த ஒரு நொடியில் உயிருள்ளவர் தலையைத் திருப்பினால் அவருக்கும் இரண்டு தலை முளைக்கும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அவர் அந்த நொடியில் உறைந்து நிற்க வேண்டும். (பேயைப் பார்த்து விறைத்துப்போவது நடிப்பாகவும் ஆகிவிடும், தொழில்நுட்பத் தேவையாகவும் ஆகிவிடும். அந்தக் காலத்துப் பேய்ப்படங்களில் ஆட்கள் ஏன் அப்படி வாய் பிளந்து அசையாமல் நிற்கிறார்கள் என்பதற்கு இது பாதிக் காரணம் என்பது என் ஊகம்.) மற்றது, சட்டகத்தை இரண்டாகப் பிரித்து மாஸ்க் போடுவது, அதாவது ஒரு பாதியை மறைத்து மற்றப் பாதியில் மட்டும் வேலை செய்வது. இடப்பக்கம் டாப்பர், வலப்பக்கம் பேய்; பேயின் பாதியில் மட்டும் டிசால்வ். கோடு எங்கே விழுகிறது என்பதை ஒரு கதவு நிலை, தூண், மரத்தின் ஓரம் என எதன் பின்னாலாவது ஒளித்துவிடுவார்கள். விதி: இந்தக் கோட்டை யாருடைய கையும் நிழலும் தாண்டக் கூடாது.

இதற்கு நான்கு வருடம் முன்பு, 1933-ல், 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' கதையை யுனிவர்சல் ஸ்டுடியோ படமாக்கியபோது அதன் தந்திரக் காட்சிகளை எடுத்த ஜான் ஃபுல்ட்டன் வேறு முறையைப் பிடித்தார். நடிகரைத் தலை முதல் கை வரை கறுப்பு வெல்வெட்டில் மூடி, அதன்மேல் சட்டை போட்டு, கறுப்பு வெல்வெட் திரைக்கு முன் நடக்கவிட்டார். வெல்வெட் ஒளியைத் தின்றுவிடும். சட்டை மட்டும் பதிவாகும். அதிலிருந்து நகரும் மாஸ்க் ஒன்றைத் தயாரித்து அறையின் காட்சியோடு சேர்த்தார். ஆளில்லாமல் சட்டை நடக்கும். மகா உழைப்பு பிடிக்கும் முறை. டாப்பர் அதை நம்பி நிற்கும் படம் இல்லை. கெர்பிகள் தோன்றினால் உடையோடு முழுதாகத் தோன்றுகிறார்கள், மறைந்தால் உடையோடு மறைகிறார்கள். பணமும் நேரமும் எவ்வளவு மிச்சமாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே வெல்வெட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கறுப்புத் திரைக்கு முன் எடுத்த ஆளை மாஸ்க் இல்லாமல் அப்படியே பின்புலத்தின் மேல் பதித்தால், ஒளி கூட்டல் கணக்கில் சேரும். கறுப்புக் கோட்டு என்பது பூஜ்யம். பூஜ்யத்தைச் சுவரோடு கூட்டினால் சுவர்தான் மிஞ்சும். முகமும் காலரும் மட்டும் காற்றில் மிதக்கும். அரை அரை எக்ஸ்போஷர் முறையில் இந்தக் குறை இல்லை, ஏனென்றால் அது சராசரி எடுக்கிற கணக்கு. எடிட்டிங் மென்பொருளில் 'ஸ்கிரீன்' அல்லது 'ஆட்' முறையில் வைத்தால் முதல் கணக்கு. ஒபாசிட்டியை (படம் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவை) 50 சதவீதமாக்கினால் இரண்டாவது கணக்கு. நீங்கள் அனுப்பிய ஸ்டில்லில் பேயின் பேண்ட் காணாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

டயர் மாற்றும் காட்சி, தானாக நகரும் பொருட்கள், தானாகத் திறக்கும் கதவு ஆகியவற்றுக்கு ஃபிலிமை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அது மேடைத் தந்திரம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எஃகுக் கம்பி, சட்டகத்துக்கு வெளியே நின்று இழுக்கும் ஆள், காருக்குப் பின்னால் குனிந்து ஒளிந்திருக்கும் ஆள், பொருளின் மறைவில் பொருத்திய கம்பு. இவற்றோடு கேமராவை 24-க்குப் பதில் 16, 18 ஃப்ரேமில் ஓட்டி எடுத்தால் அசைவு சுறுசுறுப்பாகும். நிறுத்தி எடுப்பதும் உண்டு: கேமராவை நிறுத்து, பொருளை மாற்று, மறுபடி ஓட்டு. கம்பி வேலையில் என்ன கெடும் என்றால், கம்பி பளபளக்கும். அதற்கு மேட் கறுப்போ பின்புலத்தின் சாம்பலோ பூச வேண்டும். பின்னாலிருந்து விழும் விளக்கை அணைக்க வேண்டும். வெற்றுச் சுவருக்கு முன் வைக்காமல் கோடு போட்ட காகிதமோ புத்தக அலமாரியோ இருக்கும் பின்புலத்துக்கு முன் வைக்க வேண்டும். இன்றைக்கு 0.20 மில்லிமீட்டர் நைலான் தூண்டில் நூல் ஒரு தொப்பியையோ பேனாவையோ தாராளமாகத் தூக்கும். ஒற்றை நூலில் தொங்கினால் பொருள் சுழலும்; இரண்டு நூல், இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு சாண். இழுப்பவர் நூலைக் கையால் பிடிக்காமல் ஒரு நீளக் குச்சியின் நுனியில் கட்டினால் கை நடுக்கம் வராது. பேய்க்கு நடுக்கம் கிடையாது. ஜார்ஜ் கெர்பி டயர் மாற்றுவது எரிச்சலோடு, வெடுக் வெடுக்கென்று. பொருளின் அசைவில் அந்தக் குணம் தெரிய வேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி. இத்தனை தந்திரமும் இருந்த படத்துக்கு ஆஸ்கரில் கிடைத்தவை இரண்டே பரிந்துரைகள். ஒன்று ஒலிப்பதிவுக்கு, எல்மர் ரகூஸ். மற்றது சிறந்த துணை நடிகருக்கு, ரோலண்ட் யங். தந்திரக் காட்சிகளுக்கு அப்போது தனிப் பிரிவு கிடையாது. 1939-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் அது வழக்கமான பரிசாயிற்று, அந்த முதல் ஆண்டிலேயே டாப்பரின் இரண்டாம் பாகம் பரிந்துரை பெற்றது. ஆக ஒலியும், கண்ணுக்குத் தெரிகிற ஒரு மனிதரும். தற்செயல்தான், ஆனாலும் ரொம்பப் பொருத்தமான தற்செயல். பேய் மறைந்த பிறகு திரையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு குரல், அதைக் கேட்டு அவஸ்தைப்படும் ஓர் ஆள். சிரிப்பை இந்த இரண்டு பேர்தான் தூக்கிச் சுமக்கிறார்கள். உங்கள் குறும்படத்தில் பேய் மறைகிறது, பார்ப்பவர்கள் 'அட' என்கிறார்கள், அதோடு காட்சி முடிகிறது. 'அட' என்பது வித்தை பார்த்த சத்தம். டாப்பரில் அந்த 'அட'வுக்குப் பிறகுதான் காட்சி தொடங்குகிறது.

டாப்பர் குடித்துவிட்டு நடக்க முடியாமல் போக, கெர்பிகள் இருவரும் மறைந்த நிலையில் ஆளுக்கொரு பக்கம் தாங்கி வெளியே கூட்டிப்போகும் இடத்தை ஓட்டிப் பாருங்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். சாதாரணக் குடிகாரன் தன் எடையைத் தானே சமாளிக்கத் தடுமாறுவான். எடை பாதத்துக்கு மேலேயே இருக்கும். யங்கின் உடல் அப்படி இல்லை. தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறது, தலை கழுத்துக்குள் புதைகிறது, உடம்பு முன்னே போகக் கால்கள் பின்தங்குகின்றன. யாரோ தூக்கிப் போகிற உடம்பு அது. இரண்டு பேய்களின் உயரமும் பலமும்கூட நமக்குத் தெரிந்துவிடுகிறது. இதில் எங்காவது கம்பியின் உதவி இருந்திருக்கலாம், அது ஊகம். ஆனால் எடையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்ட மாதிரி உடம்பைத் தளர்த்துவது கம்பி செய்கிற வேலை இல்லை. வங்கித் தலைவர் என்ற கெளரவத்தை முகத்தில் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு கீழே உடம்பு இப்படிப் போகிறதே, அங்கேதான் சிரிப்பு.

இதை உங்கள் நடிகரால் செய்ய முடியும். பயிற்சி இப்படி: இரண்டு பேர் அவரை உண்மையாகவே அக்குளில் கை கொடுத்துத் தூக்கி அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கொண்டுபோகட்டும், பத்துத் தடவை. அதை வீடியோ எடுங்கள். பிறகு இருவரும் கையை எடுத்துவிட்டுக் கூடவே நடக்கட்டும், பத்துத் தடவை. அதன்பின் அவர் தனியாக. வீடியோவோடு ஒப்பிட்டால் எங்கே தப்பு என்று தெரியும். பொதுவாக நடக்கும் தப்பு, ஆள் தன் பாதத்தைப் பார்த்து நடப்பது. தூக்கிச் செல்லப்படுகிறவன் பாதத்தைப் பார்க்க மாட்டான், அது அவன் கவலை இல்லை.

அடுத்தது பார்வை. கண்ணுக்குத் தெரியாத ஆளிடம் பேசும்போது உங்கள் நடிகர் காற்றைப் பார்க்கிறார். காற்றில் எந்த இடத்தை? ஒவ்வொரு ஷாட்டிலும் வேறு வேறு இடம். மேரியன் 160 சென்டிமீட்டர் என்று முடிவு செய்துவிட்டால், ஒரு கம்பில் கண் உயரத்தில், சுமார் 150-ல், டேப் ஒட்டி அவள் நிற்கும் இடத்தில் ஒத்திகை முழுக்க நட்டு வையுங்கள். அவள் உட்கார்ந்தால் கம்பையும் இறக்குங்கள். பேய் நடந்தால் நடிகரின் கண் சீராக நகராது, யாரையாவது பார்த்தால் கண் தாவித் தாவித்தான் போகும். ஒருவர் அந்தக் கம்போடு நடந்து காட்டினால் தானாகச் சரியாகிவிடும். குரலும் அதே மாதிரி. பேயாக நடிப்பவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனம் சொன்னால் குரல் நம் காதருகே இருக்கும், பேய் அறையின் அந்த மூலையில் இருக்கும். காட்சியில் ஆளே தெரியாதபோது குரலின் தூரம்தான் அவருடைய இடம். பேய் நிற்கிற திசையிலிருந்து, அதே தூரத்தில் பேசச் செய்து பதிவு செய்யுங்கள். டப்பிங் என்றாலும் மைக்கைத் தள்ளி வைத்து அறையின் எதிரொலியோடு எடுங்கள்.

மூன்றாவது, காட்சியில் ஆட்களின் எண்ணிக்கை. பேயைத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர், இருவரையும் சேர்த்துப் பார்க்கிற நாம். இந்த முக்கோணம் இல்லாவிட்டால் நகைச்சுவை இல்லை. டாப்பரும் பேய்களும் மட்டும் இருக்கும் காட்சிகள் இனிமையானவைதான், ஆனால் வயிறு குலுங்குவது யூஜின் பாலெட்டின் ஓட்டல் துப்பறிவாளரோ, ஆலன் மௌபிரேயின் சமையல்-உடை-எல்லாம் கவனிக்கும் பட்லரோ உள்ளே வரும்போதுதான். தெரியாதவர் தனக்குத் தெரிந்த நியாயத்தை வைத்து நடந்ததை விளக்கப் பார்ப்பார். டாப்பர் சொல்ல முடியாமல் வாக்கியத்தைப் பாதியில் வேறு பக்கம் திருப்புவார். எனவே, தொப்பி நகர்வதை மட்டும் க்ளோஸ்-அப்பில் வெட்டிக் காட்டாதீர்கள். தொப்பி, அதைப் பார்ப்பவர், அதை மறைக்கத் தவிப்பவர் மூவரும் ஒரே வைட் ஷாட்டில் இருக்கட்டும். மறைவு ஒரு நொடி. பிறகு முழுதாக ஒரு நொடி எதுவும் நடக்கக் கூடாது. அதற்குப் பிறகு கண் திரும்பட்டும். நீங்கள் அந்த நடு நொடியை வெட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் காலத்து எடிட்டிங் கை அதைச் சும்மா விடாது.

கதை அமைப்பிலும் ஒன்றைக் கவனியுங்கள். கெர்பிகள் தோன்றுவதற்கு எக்டோப்ளாசம் என்றொரு சரக்கு வேண்டும், அது அளவோடுதான் இருக்கிறது, தோன்றத் தோன்றக் குறைந்துவிடும். அறிவியல் எதுவும் இல்லை, ஆவிகளோடு பேசுவதாகச் சொல்கிறவர்களிடமிருந்து எடுத்த சொல். ஆனால் திரைக்கதைக்கு அது பொன் மாதிரி. பேய் ஏன் இந்த இக்கட்டான நேரத்தில் மறைகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். தோன்றுவதே ஒரு செலவு என்பதால் ஒவ்வொரு தோற்றத்துக்கும் மதிப்பு வருகிறது. தயாரிப்பாளருக்கும் தந்திர ஷாட்களின் எண்ணிக்கை கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் பேய் நினைத்த நேரத்தில் தோன்றி நினைத்த நேரத்தில் மறைகிறது. அதற்கும் ஏதாவது ஒரு கட்டுப்பாடு வையுங்கள்.

இந்தப் படத்தை ஸ்க்ரூபால் நகைச்சுவை என்று சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்க்ரூபால் என்பது பேஸ்பால் ஆட்டத்தில் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைகிற பந்து. 1934-லிருந்து நாற்பதுகளின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஓடிய ஒரு வகைப் படத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது: பணக்காரர்கள், வேகமான பேச்சு, ஆணைவிடத் துணிச்சலான பெண், கெளரவமான ஒருவர் தெருவுக்கு இழுக்கப்படுவது. டாப்பரில் நான்கும் உண்டு. போதாததற்கு, அதற்கு முந்தைய வருடம் இந்த வகைக்கே உதாரணமாகிவிட்ட 'மை மேன் காட்ஃப்ரி'யின் மூலக் கதையை எழுதிய எரிக் ஹாட்ச் இதன் திரைக்கதையாளர்களில் ஒருவர். பாலெட், மௌபிரே இருவரும் அதிலும் நடித்தவர்கள். 1934 முதல் தணிக்கை விதிகள் கறாராக அமலாகியிருந்த காலம் அது. திருமணமானவள் அடுத்தவள் புருஷனோடு கொஞ்சுவதைச் சும்மா காட்ட முடியாது. மேரியன் செய்வது அதைத்தான். ஆனால் அவள் செத்துவிட்டாள், கல்யாணச் சத்தியமும் மரணம் வரைக்கும்தானே. தணிக்கைக்காரர்கள் இப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. படம் அந்த இடுக்கில் புகுந்து விளையாடுகிறது என்பது பார்த்தாலே தெரிகிறது.

உங்கள் மறுபடப்பிடிப்புக்குச் சில விஷயம். ட்ரைபாடை மணல் மூட்டையால் அழுத்துங்கள். மொபைலில் எக்ஸ்போஷர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் ஆள் வெளியேறியதும் படம் பிரகாசமாகி, சுவரும் சேர்ந்து துடிக்கும். ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள், ட்ரைபாடில் அது இல்லாத நடுக்கத்தைத் தேடிச் சட்டகத்தை நகர்த்தும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. இல்லாவிட்டால் ட்யூப்லைட் அலையடிக்கும், இரண்டு துண்டின் அலையும் பொருந்தாது. ரெக்கார்டிங்கை நிறுத்தி நிறுத்தி எடுக்காமல் ஒரே ஓட்டத்தில் எடுங்கள்: பத்து நொடி காலி அறை, ஆள் வந்து உட்கார்ந்து நடிப்பு, எழுந்து போனதும் மறுபடி பத்து நொடி காலி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு க்ளீன் பிளேட் (ஆளில்லாத காலிக் காட்சி) கிடைக்கும். ஒளி இடையில் மாறியிருந்தால் எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். வெளிப்புறம் என்றால் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள், மேகமும் நிழலும் காத்திருக்காது. மின்விசிறியும் ஜன்னல் திரையும் அசையக் கூடாது.

இன்னொன்று, எல்லோரும் கோட்டை விடுவது: சோபா. ஆள் எழுந்து போனதும் மெத்தை மெல்ல உப்பும். டிசால்வில் அது மூச்சு விடுவது போல் தெரியும். மெத்தைக்கு அடியில் பலகை வையுங்கள், அல்லது மர நாற்காலி போடுங்கள். கெர்பிகளை மரக்கட்டையில் உட்கார வைத்தது இதற்காகத்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தந்திர ஷாட்டுக்கு அதைவிட நல்ல இருக்கை கிடையாது. பேயின் உடை நடுத்தரச் சாம்பல் அல்லது வெளிர் நிறம், பின்புலம் அதைவிட ஒரு படி இருட்டு. கட்டம் போட்ட சட்டை வேண்டாம். பாதி தெரியும் நிலையில் சுவரின் கோடும் சட்டையின் கோடும் கலந்து கண்ணைக் கூசவைக்கும். பேயின் நிழல் சுவரில் விழாதபடி விளக்கை மேலே ஏற்றுங்கள், ஆள் கரையும்போது நிழலும் சேர்ந்து கரைந்தால் கண் அங்கே போய்விடும்.

படத்தை மறுபடி பார்க்கும்போது கறுப்பு வெள்ளைப் பிரதியையே தேடுங்கள். 1985-ல் கம்ப்யூட்டரால் முழுநீளமாக வண்ணம் பூசப்பட்ட முதல் படம் டாப்பர்தான். அந்தப் பிரதியும் கைக்கு அகப்படலாம். டிசால்வின் சாம்பல் படிகள்தான் இந்தத் தந்திரத்தின் உயிர், அதன்மேல் ரோஸ் நிறத் தோலைப் பூசினால் பேய் கரைவதற்குப் பதில் வெளிறுகிறது. ஜார்ஜின் கார் பிடித்திருந்தால், அது 1936 பியூக் ரோட்மாஸ்டர் சேசிஸில் பாசடீனாவின் போமன் அண்ட் ஷ்வார்ட்ஸ் கட்டிய தனி வண்டி, கடையில் வாங்கியது அல்ல. அதையும் கறுப்பு வெள்ளையில் பார்ப்பதே அழகு. இரண்டாம் பாகத்தில் கேரி கிராண்ட் இல்லை, பழைய படத்துத் துண்டுகளில் மட்டும் வருவார். அவருக்குப் பதிலாக மேரியனோடு ஒரு பேய் நாய். ஒரு நாயைச் சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கவைத்து மறைவு எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது உங்களுக்கே தெரியும், அந்த நாயை மட்டுமாவது பாருங்கள்.

மறுபடி எடுத்ததும் முதலில் பேய் மறையாத பிரதியை, அதாவது தந்திரமே சேர்க்காமல் உங்கள் நடிகரும் அந்த மூன்றாவது ஆளும் மட்டும் இருக்கும் பிரதியை, கதை தெரியாத இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். அங்கே அவர்கள் உதடு துடித்தால் டிசால்வை 24 ஃப்ரேமில் போட்டு முடித்துவிடலாம்.